கயிறு இழுக்காத மெக்கானிக்

படகு எஞ்சின் திருத்துகிற ஒருவர், வேலை முடிந்ததும் என்ன செய்வார்? கயிற்றைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்துப் பார்ப்பார். எஞ்சின் உறுமினால் சிரிப்பார். உறுமாவிட்டால் அதன் தாயையும் தகப்பனையும் சேர்த்துத் திட்டுவார். திருகோணமலையில் நான் பார்த்த மெக்கானிக்மார் எல்லாரும் அப்படித்தான். இவர் மட்டும் இழுக்கமாட்டார்.

காலையிலிருந்து வெயிலுக்குள் குந்தியிருந்து, பிளக்கைக் கழற்றி, காபரேட்டரைக் கழுவி, ஒவ்வொரு ஆணியாகத் துடைத்துப் பூட்டி, எஞ்சினைத் தண்ணீர்ப் பீப்பாயின் விளிம்பில் மாட்டி வைப்பார். பிறகு இரண்டடி பின்னுக்குப் போய் நின்று, கையைப் பழந்துணியில் துடைத்துக்கொண்டே படகுக்காரரைப் பார்ப்பார்.

"ம், இழுங்கோ."

"நீங்களே ஒருக்கா இழுத்துப் பாருங்கோவன் அண்ணன்."

"இல்லையில்லை. உங்கட எஞ்சின். நீங்கள்தான் இழுக்கோணும்."

படகுக்காரர் இழுப்பார். முதல் இழுப்பிலேயே பிடித்துவிடும். கடலுக்குப் போகிறவர்கள் எதையும் ராசியாக்கிக்கொள்வார்கள் அல்லவா? "அந்த மனிசன் தொட்டு வைக்கோணும், நாங்கள் இழுக்கோணும், அப்பதான் ஓடும்" என்று நிலாவெளி வரைக்கும் கதை போயிருந்தது. ராசியும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. என்ன என்பது எனக்குத் தெரிய வெகுநாள் எடுத்தது. தெரிந்த பிறகும் நான் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் என்னையே நாலு சாத்துச் சாத்தலாம் போல இருக்கிறது.

உட்துறைமுக வீதியில் அவருடைய தகரக் கொட்டிலுக்கு நேர் எதிரே என் கடை. கொமினிகேசன். போட்டோகொப்பி, லெமினேட், ரீலோட், பாஸ்போட் படம், ஒன்லைன் விண்ணப்பம், அதோடு ஊர்ச்சனத்தின் புலம்பல் கேட்பது. மத்தியானம் பன்னிரண்டரைக்கும் ஒன்றரைக்கும் இடையில் அந்த வீதி செத்துப்போய்விடும். வங்கி, துறைமுகம் என்று கந்தோர்க்காரர் எல்லாரும் சாப்பிடப் போய்விடுவார்கள். விரிகுடாவில் கோதுமை ஏற்றி வந்த கப்பல் ஒன்று அசையாமல் நிற்கும். அந்த ஒரு மணித்தியாலம் நான் போனில் கேம் விளையாடுவேன்.

ஐந்து பேர் ஒரு பக்கம், ஐந்து பேர் மறுபக்கம், யாருடைய கோட்டையை யார் முதலில் உடைப்பது என்ற சண்டை. முப்பத்திரண்டு வயதுப் பெண்பிள்ளைக்கு இது என்ன கேடு என்று அம்மா கேட்பா. கேட்கட்டும். கடையைத் திறந்து, கடையைப் பூட்டி, வீட்டுக்குப் போய் அம்மாவோடு சீரியல் பார்த்துப் படுப்பதைத் தவிர எனக்கு வேறென்ன இருந்தது? அந்தக் கேமில் நான் எடுப்பது கேடயக்காரியை. பெரிய உடம்பு, ஆமை நடை, முன்னால் நின்று எல்லா அடியையும் வாங்குவதுதான் வேலை. என் குணத்துக்குச் சரியான ஆள்.

அடையாள அட்டையை லெமினேட் பண்ண வந்த ஒருநாள், அவர் மேசைக்கு மேலால் எட்டிப் பார்த்தார். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"இதில ஆகச் சுறுக்கா ஓடுற ஆள் ஆர்?"

காட்டினேன். அது மந்திரக்காரி. ஆனால் மற்ற மந்திரக்காரரைப் போலப் பின்னால் பாதுகாப்பாக நின்று எறிகிற வகை இல்லை. பற்றைக்குள் ஒளிந்திருந்து, மதில் தாண்டி உள்ளே பாய்ந்து, எதிரிகளில் மெலிந்த ஆள் ஒருவரைத் தேடி அடித்துவிட்டு, மற்ற நாலு பேரும் திரும்பிப் பார்ப்பதற்குள் வெளியே வந்துவிடுகிற வகை. வேகம் இருக்கிறது, கையில் வெளிச்சம் இருக்கிறது, உடம்பில் ஒன்றுமில்லை. மூன்று அடி பட்டால் ஆள் சரிந்துவிடுவாள்.

"தனியாத்தான் திரிவாவோ?" என்றார்.

"ஓம். கூட்டத்தோட நிண்டா அவவுக்கு வேலையில்லை."

"அப்ப எனக்கு இதுதான் சரி." அவளுக்கு மின்மினி என்று பெயரும் வைத்துவிட்டார்.

அடுத்த நாள் மத்தியானம் சவர்க்காரமும் கடற்கரை மணலும் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு ஒருநாளும் தவறவில்லை. எங்கள் கூட்டத்தில் ஐந்து பேர். நான், அவர், படகுகளுக்கு ஐஸ் கொடுக்கிற வாடியில் கணக்கெழுதுகிற கிண்ணியாப் பொடியன் ரிஸ்வி. மற்ற இருவர் லிங்கநகர் அண்ணன் தம்பி. அவர்கள் வீட்டில் இருந்தே விளையாடுவார்கள், போனில் குரல் மட்டும் வரும். கடைக்குள் நாங்கள் மூன்று பேர், மூன்று பிளாஸ்டிக் கதிரை, பக்கத்துக் கடையில் இருந்து மூன்று பிளேன்டீ.

மனிசன் விளையாடுவதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எஞ்சின் எண்ணெய் ஊறிக் கறுத்த பெருவிரல்கள் இரண்டும் கண்ணாடியில் படுவதே தெரியாது. மின்மினி இந்தப் பற்றைக்குள் இருப்பாள், அந்த மதிலுக்கு மேல் இருப்பாள், எதிரி ஒருவனைச் சுற்றி மூன்று இடத்தில் வெளிச்சம் வெட்டும், அவன் உயிர்க்கோடு நூலளவாகச் சுருங்கிவிடும். இன்னும் ஒரேயொரு அடி. அந்த இடத்தில் அவர் நிறுத்திவிடுவார்! மின்மினி ஒதுங்கிவிடுவாள். ஆமை நடை நடந்து வருகிற கேடயக்காரி வந்து, ஒரு தட்டுத் தட்டி முடித்துக்கொள்ள வேண்டும்.

கேம் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய பைத்தியக்காரத்தனம் என்று விளங்கும். மின்மினி மாதிரி ஆளுக்குக் கடைசி அடிதான் சாப்பாடு. முடித்தால்தான் பலம் ஏறும். முடிக்காமல் விட்டால் சண்டை நீள நீள அவள் ஒன்றுக்கும் உதவாதவள் ஆகிவிடுவாள். என் கேடயக்காரிக்கோ அது தேவையே இல்லை.

ரிஸ்வி கதிரையை விட்டு எழும்பிக் கத்துவான். "அண்ணன், அடிங்க! யா அல்லாஹ், ஒரு தட்டு! அக்காவுக்கு ஏன் குடுக்கிறீங்க, அவ என்ன செய்யப் போறா அத வெச்சி?"

"அவவும் எடுக்கட்டும்" என்பார் அவர், தலை நிமிராமல்.

தேத்தண்ணியிலும் அப்படித்தான், அடியில் ஒரு மிடறு வைத்துவிடுவார். அதை ஊற்றிக் கோப்பையைக் கழுவுவது என் தலையில். "இந்த ஒரு வாயையும் குடிச்சா என்ன, செத்தா போவீங்கள்?" என்று கேட்டால் சிரிப்பார். பஸ்ஸில் ஒரு சீற் இருந்தால் வேறு யாருக்காவது விட்டுவிட்டு நிற்பார். தேர் இழுக்கப் போனாலும் இருப்பிடம் வர நாலடி இருக்கும்போது வடத்தை விட்டுவிட்டுக் கூட்டத்துக்குள் மறைந்துவிடுவார் என்று லிங்கநகர்த் தம்பி பகிடி பண்ணுவான். பகிடி இல்லை, உண்மைதான். பத்திரகாளி கோயில் தேருக்கு நானே கண்ணால் கண்டேன்.

இன்னொன்று. உட்துறைமுக வீதியில் ஆண்கள் எல்லாரும் என்னைத் தங்கச்சி என்பார்கள், இளையவர்கள் அக்கா என்பார்கள். இவர் ஒன்றும் சொல்லமாட்டார். "இஞ்ச பாருங்கோ", "கேட்டீங்களோ", அவ்வளவுதான். எனக்கு ஆறு வயது மூத்தவர். தங்கச்சி என்று சொல்வதற்கு என்ன கஷ்டம்? சொல்லவில்லை. நானும் மற்றவர்களைப் போல அண்ணன் என்று சொல்லவில்லை. "மெக்கானிக், தேத்தண்ணி ஆறுது" என்பேன். இரண்டு பேருமே அந்தச் சொற்களைத் தொடாமல் கவனமாகச் சுற்றிப் போனோம். நான் ஒன்றும் விளங்காத குழந்தை இல்லை. அவர் எப்போது வாய் திறப்பார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வருடம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்ப நீ கேளன்" என்று நீங்கள் சொல்லலாம். அதற்கு முதல் என் கதையையும் கேளுங்கள். இரண்டு இடத்திலிருந்து என்னைப் பெண்பார்க்க வந்தார்கள். முதல் ஆட்கள் பயற்றம் பணியாரம் சாப்பிட்டுவிட்டு, போய்ச் சொல்லுகிறோம் என்று போனவர்கள்தான். இரண்டாவது ஆட்கள் படலை தாண்டும்போதே தங்களுக்குள் என்னவோ சொல்லிச் சிரித்தார்கள். அது என் காதில் விழுந்தது. அன்றைக்குக் குசினிக்குள் நின்று சத்தியம் பண்ணினேன், இனி ஒருவர் முன்னாலும் நானாகப் போய் நிற்கமாட்டேன், வேண்டுமென்றால் வந்து வாயால் கேட்கட்டும் என்று. அந்த ரோசம் எனக்குள் ஆணி மாதிரி இறங்கிவிட்டது.

அம்மாவுக்குப் பொறுமை இல்லை. ஒரு சனிக்கிழமை மத்தியானம் எனக்குச் சோறு கொண்டுவந்தவ, ரிஸ்வி இல்லாமல் அவர் மட்டும் இருப்பதைக் கண்டு நேரே கேட்டுவிட்டா.

"தம்பி, சுத்தி வளைக்காமக் கேக்கிறன். எங்கட பிள்ளையில உங்களுக்கு விருப்பமோ?"

அவர் எழும்பி நின்றார். கையில் கோப்பை. முகம் சிவந்து, என்னைப் பார்த்து, நிலத்தைப் பார்த்து, திரும்ப என்னைப் பார்த்தார். எனக்கு நெஞ்சு அடித்த அடி போட்டோகொப்பி மெசின் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

"அவ என்ன சொல்றாவோ… அதுதான் அம்மா" என்றார்.

பாருங்கள்! கேட்டது அவருடைய விருப்பத்தை. தந்தது என் கையில் கயிற்றை. அம்மா என் பக்கம் திரும்பினா. "எனக்கு வேலை கிடக்கு" என்று சொல்லிவிட்டு, ஒன்றும் வைக்காத மெசினில் வெறும் தாளாகப் பத்துக் கொப்பி எடுத்தேன்.

அதற்கு அடுத்த நாள்தான் போட்டி.

போன் விற்கிற ஒரு கடைக்காரர் டவுனில் ஒரு மண்டபத்தை எடுத்து நடத்தினார். பத்தொன்பது வயதுப் பொடியன்மாருக்கு நடுவில் நான் ஒரு கேடயக்காரி, சுடிதாரும் கைப்பையுமாக. எப்படியோ இறுதிச் சுற்றுக்கு வந்துவிட்டோம். பக்கத்துக்கு ஓர் ஆட்டம் வென்றாயிற்று, மூன்றாவதுதான் முடிவு. சுவரில் பெரிய திரை. சனம் கத்துகிறது.

எதிர்ப்பக்கத்துக்குப் பலமே ஒரு வில்லுக்காரன்தான். அவனுடைய மற்ற நாலு பேரும், எங்களிலும் மூன்று பேர் விழுந்து கிடக்க, அவன் ஒருவன் காட்டுக்குள் ஓடினான். மின்மினி விட்டாளா? மதில் தாண்டி, ஆறு தாண்டி, மறித்து, மூன்று வெட்டு. அவன் உயிர் நூலளவு. அவன் விழுந்தால் கோட்டைக்குக் காவல் இல்லை, நேரே போய் உடைக்க வேண்டியதுதான். மின்மினி ஒதுங்கினாள். நான் வந்து சேர்ந்தேன்.

நான் அடிக்கவில்லை.

முந்தின நாள் ஆத்திரம் முழுக்க என் பெருவிரலில் ஏறி நின்றது. இன்றைக்காவது நீயே முடி, எல்லாவற்றையும் என் தலையில் போடாதே என்று அப்படியே நின்றேன். வில்லுக்காரனுக்கு ஒரு பக்கம் மின்மினி, மறுபக்கம் கேடயக்காரி, இரண்டு பேரும் கோயில் வாசல் சிலை மாதிரி. இரண்டு செக்கன், மூன்று செக்கன். அந்தப் பொடியனுக்கே என்ன நடக்கிறது என்று விளங்கவில்லை. பிறகு விளங்கியது. நழுவி ஓடி, உயிர் ஏற்றிக்கொண்டு வந்து, முதலில் அவரை விழுத்தினான், பிறகு என்னை. பிறகு எங்கள் கோட்டை.

மண்டபமே சிரித்தது. ரிஸ்வி தலையில் கை வைத்துக்கொண்டு நின்றான். "என்ன செஞ்சீங்க ரெண்டு பேரும்? ஒங்களுக்கு விசரா?"

திரும்பி வரும்போது மூன்று பேரும் நடந்து வந்தோம். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், ஊருக்குள் திரிகிற மான்கள் இரண்டு கடதாசிப் பெட்டி ஒன்றைத் தின்றுகொண்டு நின்றன. நான் வாயை மூடவே இல்லை.

"ஒரு நாளாவது, ஒரேயொரு நாளாவது ஒண்டை நீங்களா முடிச்சிருக்கிறீங்களோ? எஞ்சினையும் ஆரோ இழுக்கோணும், எதிரியையும் ஆரோ அடிக்கோணும். நீங்கள் என்ன, உலகத்துக்குத் தொட்டுக் குடுக்கப் பிறந்தனீங்களோ?"

எங்கள் வீதிக்கு வந்ததும், என் கடை வாசலில் அவர் நின்றார். பிறகு சொன்னார்.

"ஒருக்கா இழுத்தனான்."

இறக்கக்கண்டியில், அவருக்கு இருபது வயதில். அவருடைய தம்பியும் அவரும் கரைக்கு வந்த படகில். பழைய எஞ்சின். வலை சுருண்டுபோய்க் கிடந்தது, தம்பி இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்றான். பின்பக்கம் நின்றான். இவர் எஞ்சினைத் திருத்திவிட்ட சந்தோசப் புழுகத்தில் இருந்தார். கியர் போட்டிருந்ததைப் பார்க்கவில்லை. கயிற்றைப் பிடித்தார்.

"பிடிச்சு…" என்றார். அதோடு நின்றுவிட்டார். வீதியைக் கடந்து, கொட்டிலுக்குள் போய், தகரக் கதவைச் சாத்திக்கொண்டார்.

மிச்சத்தை ரிஸ்விதான் சொன்னான். அந்தத் தம்பி ஐஸ் எடுக்க வாடிக்கு வருகிறவன், அவனுக்குத் தெரியும். "எஞ்சின் காத்தாடியில சிக்கின வலைய எடுத்துக்கிட்டு நிண்டவன் அக்கா. மூணு விரல் போயிட்டு. முதல் இழுப்புலயே எஞ்சின் பிடிச்சிட்டாம். ஆனா அவன் ஒரு நாளும் அண்ணன ஏசினதில்ல. ரெண்டு விரலோட இப்பவும் கடலுக்குப் போறான், அண்ணன் அண்ணன் எண்டுதான் கதைக்கிறான். இவருதான் அங்க போறதே இல்ல."

அன்றைக்கு வீட்டுக்குப் போய், முகத்தைக் கழுவிவிட்டு, குளியலறைக்குள்ளேயே நின்று அழுதேன். அவ்வளவு கத்தினேனே அந்த மனிசனை என்று.

அதற்குப் பிறகு நான் மாறினேன். அவர் விட்டுவைத்த ஒவ்வொரு அடியையும் வாய் பேசாமல் நானே அடித்தேன். மின்மினி ஒதுங்கும்போது நான் சரியாக அங்கே வந்து நிற்பேன். அவர் நிமிர்ந்து பார்த்து மெல்லச் சிரிப்பார். அந்த மூன்று நாலு மாதம் எங்களை வெல்ல ஆளில்லை. தேத்தண்ணிக் கோப்பையையும் திட்டாமல் கழுவினேன். அந்த ஒரு மிடறு எனக்கென்று விட்டுவைத்தது போல இருந்தது. சிரிக்காதீர்கள், ஒரு நாள் ஒருவரும் இல்லாத நேரம் அதைக் குடித்தும் பார்த்தேன். ஆறிப்போன இனிப்பு.

காரணம் தெரிந்துவிட்டது, இனி அவசரம் இல்லை என்று நினைத்தேன். என்றைக்கோ ஒருநாள் தானாக வாய் திறப்பார். அதுவரை இந்த மத்தியானங்கள் இருக்கும்தானே என்று நம்பினேன். அவர் என்ன நினைத்தார் என்று தெரியாது. என் பேச்சில்லாத காத்திருப்பு அவருக்கு வேறு மாதிரி விளங்கியிருக்கும். விருப்பம் இருந்தால் இவள் சொல்லியிருப்பாளே என்று இருந்திருக்கும்.

ஒரு பின்னேரம் மூன்று மணிக்கு வந்தார். அவர் வருகிற நேரமில்லை. கையில் ஒரு கோப்பு. மாலைதீவில் ஓர் உல்லாச விடுதிக்குப் படகு மெக்கானிக் தேவையாம், தெரிந்த ஒருவர் சொல்லியிருக்கிறார், விண்ணப்பம் அன்று ஐந்து மணிக்கு முதல் ஈமெயிலில் போய்ச் சேர வேண்டும். இரண்டு வருட ஒப்பந்தம். விரும்பினால் நீட்டலாம்.

"போகப் போறீங்களோ?" என்றேன்.

"பாப்பம்" என்றார்.

பாஸ்போட்டை ஸ்கேன் பண்ணினேன். கிராமசேவகர் சான்றிதழை ஸ்கேன் பண்ணினேன். வெள்ளைத் துணிக்கு முன்னால் இருத்திப் படம் எடுத்தேன். தலையைக் கொஞ்சம் நிமிர்த்துங்கோ என்று சொல்லும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. பக்கத்துக் கடையில் இருந்து தேத்தண்ணி வந்தது. ஆங்கிலத்தில் கடிதம் அடித்தேன். பதினெட்டு வருட அனுபவம், எல்லா வகைப் படகு எஞ்சினும் திருத்தத் தெரியும் என்று எழுதினேன். கயிறு இழுக்கமாட்டார் என்று எழுதவில்லை. எல்லாவற்றையும் இணைத்தாயிற்று. இனி ஒரேயொரு தட்டு.

மவுஸை அவர் பக்கம் தள்ளினேன். "நீங்களே அழுத்துங்கோ."

அவர் கதிரையை விட்டு எழும்பி, இரண்டடி பின்னுக்குப் போய் நின்றார். சட்டைப் பையில் இருந்து லேஞ்சியை எடுத்து, அழுக்கே இல்லாத கைகளைத் துடைத்தார்.

"இல்லை. நீங்கள்தான்" என்றார்.

"நான் அனுப்பினா நீங்கள் போயிடுவீங்கள்."

"ஓம்."

"அனுப்பாட்டி?"

அவர் வாசலுக்கு வெளியே தண்ணீரைப் பார்த்தார். "அனுப்பாட்டி போகமாட்டன்."

"ஏன் போகமாட்டீங்கள்? அதைச் சொல்லுங்கோ."

அவர் லேஞ்சியை மடித்தார், விரித்தார். துடைத்த கையையே திரும்பத் துடைத்தார். அந்த மனிசனுக்கு அதுதான் எல்லை, அதற்கு மேல் ஓர் அடி எடுத்துவைக்க அவரால் ஏலாது, இவ்வளவு தூரம் வந்ததே பெரிய காரியம் என்று எனக்கு அப்போதே தெரியும்.

"உங்களுக்குத் தெரியும்தானே" என்றார்.

"எனக்கு ஒண்டும் தெரியாது" என்றேன்.

அழுத்தினேன்.

அவருக்காவது ஒரு காரணம் இருந்தது. தண்ணீரில் விழுந்த மூன்று விரல் இருந்தது. எனக்கு என்ன இருந்தது? யாரோ படலையடியில் சிரித்த சிரிப்பும் வெறும் ரோசமும். ஒரு சொல்லுக்காக, அந்தச் சொல் எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தும், என் கையாலேயே அடித்துவிட்டேன். அனுப்பப்பட்டது என்று திரையில் எழுத்து வந்து மறைந்தது.

"போயிட்டுதோ?" என்றார்.

"போயிட்டுது."

தலையாட்டினார். நின்ற நிலையிலேயே மேசையில் இருந்த தேத்தண்ணியை எடுத்துக் குடித்தார். கோப்பையை வைத்துவிட்டு வீதியைக் கடந்து போனார். கடை பூட்டுகிற நேரம் கழுவலாம் என்று அதை எடுத்தேன். உள்ளே ஒரு சொட்டு இல்லை. கவிழ்த்துப் பார்த்தேன். ஒன்றும் விழவில்லை. படுபாவி, இதை மட்டும் முடித்துவிட்டுப் போயிருக்கிறார். அந்தக் காய்ந்த கோப்பையைப் பிடித்துக்கொண்டு, அடையாள அட்டைப் படம் எடுக்க வந்த கிழவனார் ஒருவர் பார்த்திருக்க, விக்கி விக்கி அழுதேன்.

ஆறு கிழமையில் போய்விட்டார். போகிற அன்று கடைக்கு வந்து அம்மாவிடம் சொல்லிக்கொண்டார். என்னிடம், "அப்ப…" என்றார். நான் "ம்" என்றேன்.

நாலு வருடம் ஆகிறது. ஒப்பந்தத்தை நீட்டிவிட்டாராம், ரிஸ்வி அவருடைய தம்பியிடம் கேட்டு வந்து சொன்னான். தகரக் கொட்டிலில் இப்போது வேறொருவர். அவரே இழுக்கிறார், அவரே திட்டுகிறார். படகுக்காரர் சிலர் இன்றைக்கும் பழக்கதோஷத்தில் கயிற்றுக்குக் கையை நீட்டி, "தள்ளி நில்லுங்கோ" என்று ஏச்சு வாங்குகிறார்கள்.

மத்தியானத்தில் நானும் ரிஸ்வியும் இன்னும் விளையாடுகிறோம். லிங்கநகர் அண்ணனும் தம்பியும் வருவார்கள். ஐந்தாவது ஆளைக் கேமே எங்கிருந்தாவது பிடித்துத் தரும், யாரென்று தெரியாது. சில நாட்களில் அந்த ஐந்தாவது ஆள் மின்மினியை எடுப்பார். போன கிழமை வந்தவர் ஒரு சூரன். அதே மதில், அதே பற்றை, அதே மூன்று வெட்டு. எதிரியின் உயிர் நூலளவுக்கு வந்ததும் என் பெருவிரல் தன்பாட்டில் எழும்பியது. கேடயக்காரி ஆமை நடையில் ஓடிப்போனாள். நான் போய்ச் சேர்வதற்குள் அவரே அடித்து முடித்துவிட்டார். அடுத்ததையும் முடித்தார். அதற்கடுத்ததையும் முடித்தார். ஒன்றைக்கூட எனக்கு விடவில்லை.

"பார்த்தீங்களா அக்கா, இப்படித்தான் விளையாடணும்" என்று ரிஸ்வி கையைத் தட்டினான். பத்தே நிமிடத்தில் வென்றுவிட்டோம்.